பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம்

சமைத்துக்கொண்டே எழுதிப் பழகியவள் நான். அதனால்தான் என் கதைகளில் யாராவது ஒருத்தி எப்போதும் பூண்டு உரித்துக்கொண்டிருப்பாள். வானொலி நிலையத்தில் இதை வைத்துக் கேலி செய்வார்கள். மற்றவர்களுடைய கதாநாயகிகள் பியானோ வாசிப்பார்களாம், என்னுடையவர்கள் கறுப்பு அவரையில் கல் பொறுக்குவார்களாம். இருக்கட்டும். ஹவானாவில் பியானோ இருக்கிற வீடுகளைவிட அவரை வேகிற வீடுகள் அதிகம். என் நேயர்கள் அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள்.

உட்காருங்கள் ஐயா. அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும், என் எழுத்து நாற்காலி. இதில் உட்காருங்கள். காபியில் சர்க்கரை போட்டுவிட்டேன். பல குடித்தனங்கள் இருக்கிற எங்கள் முற்றத்தில் யாரும் கேட்டுப் போடுவதில்லை.

நீங்கள் கேட்க வந்தது ஒரே கேள்வி. போன வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து அறையில் ஏதாவது சத்தம் கேட்டதா என்று. எதிர் அறைத் தோமாசா கேட்கவில்லை என்றாள். மாடியில் இருப்பவர்களும் அப்படியே சொன்னார்கள். இராய்தாவைக் கொன்றது தான்தான் என்று அவள் புருஷன் எவேலியோ ஒப்புக்கொண்டுவிட்டான். ஆகவே நான் என்ன பதில் சொன்னாலும் உங்கள் வேலை முடிந்துவிடும். ஆனால் அவன் உங்கள் காவல் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு, ரேடியோதான் தன்னைக் கூப்பிட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். எல்லோரும் சிரித்தீர்களாம். புத்தி பேதலித்தவன் என்று எழுதிக்கொண்டீர்களாம்.

அவனுக்குப் புத்தி நன்றாகவே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உங்களை உட்காரச் சொன்னேன்.

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. பாதி ஆயுள் நான் இஸ்திரி போட்டவள். பள்ளிக்கூடம் போனதில்லை. மேசையில் விரித்த பழைய செய்தித்தாள்களில்தான் எழுத்துக் கற்றேன். துணிக்குக் காத்திருக்கும் பெண்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று கதை சொல்வேன். கதை முடிகிற வரைக்கும் துணியை வாங்காமல் நிற்பார்கள். அவர்களில் ஒருத்தியின் மைத்துனர் லிசார்தோ வானொலியில் நாடகப் பிரிவுக்குப் பெரியவர். அவர் ஒரு நாள் சட்டை வாங்க வந்து, சட்டையை மறந்துவிட்டு என்னை அழைத்துப் போனார். அப்படி வந்ததுதான் 'மூடாத கதவு'. ஃபாபியான் என்கிற முரட்டுப் புருஷனிடமிருந்து ஓடி ஒளிந்து வாழும் லெயோனோர் என்ற பெண்ணின் கதை. உங்கள் வீட்டிலும் கேட்பார்கள், எனக்குத் தெரியும். கேட்காத வீடு இந்தத் தீவில் இல்லை.

அங்கே வேலை எப்படியென்றால், காலையில் நான் எழுதுவது சாயங்காலம் காற்றில் போய்விடும். கையிருப்பு என்று எதுவும் கிடையாது. மை காயாத தாளை நடிகர்கள் கையில் பிடித்துக்கொண்டு ஒலிவாங்கி முன்னால் நிற்பார்கள். தாள் வராவிட்டால் அவர்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இந்தப் பக்கம் ஊர் முழுக்க அடுப்பை இறக்கிவைத்துவிட்டு ரேடியோவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அப்போது அதிலிருந்து ஒன்றுமே வராது. வெறும் இரைச்சல். உங்களுக்குத் துப்பாக்கி பயமாக இருக்கலாம். எனக்கு அதுதான்.

போன வருஷம் மழைக்காலத்தில் எனக்கு எழுத்து நின்றுவிட்டது.

ஏன் என்று தெரியவில்லை. கதை சொல்லிப் பழகியவள், ஒரு நாள் காலையில் தாளைப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். இடத்தை மாற்று என்றார்கள், மேசையைச் சன்னலுக்கு நகர்த்தினேன். கன்னி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்று என்றார்கள், ஏற்றினேன். கடற்கரைச் சுவரில் போய் உட்காரு, அலை வந்து மோதினால் எண்ணமும் வந்து மோதும் என்றார் லிசார்தோ. போய் உட்கார்ந்தேன். கடல் கடலாகத்தான் இருந்தது. பாவாடைதான் நனைந்தது.

"என்னம்மா எமெலினா," என்றார் அவர் ஒரு நாள், எல்லா நடிகர்களும் இருக்கும்போது. "உன் லெயோனோர் ரொம்ப நாளா சன்னல்ல நின்னு கடலப் பாத்துக்கிட்டே இருக்காளே. கால் வலிக்காதா அவளுக்கு? ஒரு நாற்காலியாவது போட்டுக் குடேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

அந்த வாரத்தில்தான் இராய்தா பக்கத்து அறைக்கு வந்தாள்.

இந்தச் சுவரைப் பாருங்கள். ஒரு காலத்தில் இது யாரோ ஒரு பிரபுவின் வரவேற்பறை. நடுவில் பலகை அடித்து இரண்டாக்கினார்கள். மூச்சு விட்டால் கேட்கும். சன்னலோரம் போட்ட மேசை மழையில் ஊறியதால் மறுபடியும் இந்தப் பலகையோரம் கொண்டுவந்துவிட்டேன். வேறு இடமில்லை, நீங்களே பார்க்கிறீர்கள். நான் ஒட்டுக் கேட்கவில்லை. உட்கார்ந்திருந்தேன், கேட்டது.

வந்த முதல் நாள் அவள் சாமான் எதுவும் பிரிக்கவில்லை. கதவுக்குப் பின்னால் தரையில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள். கெட்டது வீட்டுக்குள் வராமல் இருக்க நாங்கள் எல்லோரும் தண்ணீர் வைப்பதுதான், ஆனால் அலமாரி மேல் வைப்போம். அவள் கதவு திறந்தால் இடித்து உடைகிற இடத்தில் வைத்தாள். ஆவிக்காக வைத்த தம்ளர் இல்லை அது.

நான் அவளுக்கு ஒரு கிண்ணம் சோறும் வாழைக்காய் வறுவலும் கொண்டுபோனேன். பயந்த பெண்ணுக்குப் பசி தெரியாது, ஆனால் யாராவது எதிரில் உட்கார்ந்தால் சாப்பிடுவாள். சாப்பிட்டாள். சாப்பிட்டபடியே சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினாள். முழங்கைக்கு மேல் இஸ்திரிப் பெட்டியின் மூக்கு அப்படியே பதிந்திருந்தது. எனக்குத் தெரியாதா அந்தத் தடம்.

"என் புருஷன் தூரத்துல கமாகுவே பக்கம் சர்க்கரை ஆலைல இருக்கான்," என்றாள். "நான் இங்க இருக்கறது அவனுக்குத் தெரியாது. தெருமுனைலேருந்து ஒரு சீட்டி அடிப்பான் எமெலினாம்மா. அது கேட்டா சோறு மேசைல இருக்கணும். இல்லன்னா இதுதான்."

"எப்படி அடிப்பான்?"

அவள் மெல்ல அடித்துக் காட்டினாள். மேலே ஏறி ஒரு சத்தம், கீழே இறங்கி ஒரு சத்தம். "நீங்க எப்பவாவது கேட்டா உடனே எனக்குச் சொல்லிடணும்," என்றாள். சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை ஆறு பக்கமோ ஏழு பக்கமோ எழுதினேன், நிறுத்த முடியவில்லை. லெயோனோர் சன்னலிலிருந்து நகர்ந்துவிட்டாள். அவள் கதவுக்குப் பின்னால் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள். அவ்வளவுதான், ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டது. லிசார்தோ என் நெற்றியில் முத்தம் கொடுத்தார். பெண்களிடமிருந்து மூட்டை மூட்டையாகக் கடிதம். 'நானும் இப்போது தம்ளர் வைக்கிறேன்' என்று எழுதியிருந்தார்கள், பாவம். என் பெண்கள் அவர்கள். அவர்களுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

பயந்தவள் எப்படித் தண்ணீர் குடிப்பாள் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. கண்ணைக் கதவிலிருந்து எடுக்காமல் குடிப்பாள், பாதி கழுத்தில் வழியும். செருப்பை வாசலைப் பார்த்துக் கழற்றி வைப்பாள், திரும்பாமல் ஓட வசதியாக. எதையாவது வறுக்கும்போது அடிக்கடி சட்டியை இறக்குவாள், எண்ணெய்ச் சத்தத்தில் வேறு சத்தம் மறைந்துவிடுமே என்று. இதையெல்லாம் உட்கார்ந்து யோசித்தால் வருமா? கடற்கரைச் சுவரில் கிடைக்குமா?

அவளுக்கும் தெரியும். நான் மறைக்கவில்லை. தோமாசாவின் பெரிய ரேடியோவைச் சுற்றி முற்றமே உட்கார்ந்து கேட்கும். அவளும் கேட்டாள். முடிந்ததும் என் கதவில் வந்து நின்றாள்.

"அது என்னோட தம்ளர்தான?"

"எல்லாப் பெண்ணோட தம்ளரும்தான்டி."

வெட்கப்பட்டுச் சிரித்தாள். "அந்த நடிகை என்னவிட அழகா இருப்பா இல்ல?" என்றாள். அவள் சம்மதித்தாள் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததற்கு யாரும் காரணமில்லை. அவளுக்குப் பயம் தெளிந்தது. கையுறை தைக்கிற பட்டறையில் வேலை கிடைத்தது. தோமாசாவோடு சேர்ந்து துணி துவைத்துக்கொண்டே பாடினாள். நிக்கானோர் என்று ஒரு பஸ் கண்டக்டர், நல்ல பையன், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அவள் வாசலில் உட்கார்ந்து கதை பேசினான். தோமாசா அவனைப் பார்க்கும்போதெல்லாம், "என்னப்பா, உன் பஸ்ஸு எங்க வாசல்லயே நின்னுபோச்சா?" என்பாள். ஒரு காலை அவள் தம்ளரை எடுத்துக் கழுவி அலமாரி மேல் வைத்த சத்தத்தைக் கேட்டேன். செருப்பு தாறுமாறாகக் கிடந்தது. சட்டி இறங்காமல் பொரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாதாரணப் பெண் சாதாரணமாக வாழ்ந்துகொண்டிருந்தாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் தாள் வெள்ளையாக இருந்தது.

அன்று சந்தையிலிருந்து திரும்பி வரும்போது நடையில் யாரும் இல்லை. அவள் உள்ளே இருந்தாள், பாட்டு கேட்டது. என் உதடு குவிந்தது. மேலே ஏறி ஒரு சத்தம், கீழே இறங்கி ஒரு சத்தம்.

பாட்டு நின்றது.

நான் என் அறைக்கு வந்து கூடையை வைத்துவிட்டு மேசையில் உட்கார்ந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் எதுவுமே அசையவில்லை. எவ்வளவு நேரம் ஒரு மனுஷியால் அசையாமல் இருக்க முடியும் என்று நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன். பிறகு தரையில் தம்ளர் வைக்கும் சத்தம், மிக மெதுவாக. நான் எழுத ஆரம்பித்தேன்.

சாயங்காலம் அவள் வந்தாள். "எமெலினாம்மா, இன்னிக்கு நீங்க கேட்டீங்களா?"

"என்னத்தடி?"

"அந்தச் சீட்டி."

"நான் சந்தைக்குப் போயிருந்தேனே," என்றேன். அது பொய் இல்லை. அவளை மடியில் சாய்த்துக்கொண்டு தலையைக் கோதினேன். அவள் பல் அடித்துக்கொள்வது என் தொடையில் தெரிந்தது. நான் கல்நெஞ்சக்காரி இல்லை, ஐயா. அவளுக்குச் சூடாகக் கஷாயம் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எப்போதாவது, மிகவும் தேவைப்பட்டால் மட்டும் செய்தேன். ஆனால் எதுவும் பழகிவிடுகிறது. நிக்கானோர் ஒரு தரம் நடையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு, "தெருவுல போற காலிப் பசங்க, வேற யாரு? அடுத்த தடவ நானும் பதிலுக்கு அடிக்கறேன், சங்கீதக் கச்சேரியே வச்சுடலாம்," என்றான். அவள் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு அந்தச் சீட்டியில் சாரம் இல்லை. அதோடு, இரண்டு பேரும் வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் ரெக்லாவில் அறை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாதம் முடிந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள்.

லிசார்தோ வேறு கேட்டுக்கொண்டே இருந்தார். "ஃபாபியான் எப்ப வருவான்? ஊரே கேக்குது. இவ்ளோ நாளா கதவப் பாத்துக்கிட்டு இருக்காளே, அந்தக் கதவு ஒரு தரம் தொறக்க வேண்டாமா?"

நியாயமான கேள்வி. நேயர்களைக் காக்கவைத்துவிட்டு வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. ஆனால் ஃபாபியான் வந்தால் என்ன பேசுவான்? நான் பல தடவை எழுதிப் பார்த்தேன். எல்லாம் நாடகம் மாதிரி இருந்தது. அப்படி ஒருத்தன் கதவைத் திறந்ததும் முதல் வார்த்தையாக என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குப் புருஷன் கிடையாது. யோசிக்க யோசிக்க எனக்கு ஒன்று புரிந்தது. இது யோசித்துக் கிடைக்கிற விஷயமில்லை.

நான் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. யாரிடமும் முகவரி சொல்லவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

லெயோனோரின் முழங்கைக்கு மேல் ஒரு தழும்பு வைத்தேன். அவள் காபியில் ஒரு துளி உப்புப் போட்டுக் குடித்தாள், இராய்தா மாதிரி. கல்யாணத்தன்று எவேலியோ இராய்தாவின் காதில் சொன்னதை அவள் என்னிடம் சொல்லியிருந்தாள்: 'நீ எங்க ஓடினாலும் நான் தேட மாட்டேன், ஊரே எனக்குச் சொல்லும்.' அதை ஃபாபியான் வாயில் வைத்தேன். உயிருள்ள வரி அது, விட மனசு வரவில்லை. பிறகு லெயோனோர் ஒளிந்திருக்கிற இடத்துக்கும் கொஞ்சம் உருவம் வேண்டியிருந்தது. ஒரு நாள் முற்றத்தில் ஒரு வாதுமை மரம் வந்தது. இன்னொரு நாள் நீலத் தண்ணீர்த் தொட்டி. எதிரே காபி வறுக்கிற கடை. கீறல் விழுந்த மணி அடிக்கிற கோயில். சமையல் மாதிரிதான், ஒவ்வொன்றாகப் போட வேண்டும்.

நீலத் தொட்டி வந்த அன்று இராய்தா ஓடி வந்தாள்.

"எமெலினாம்மா, அது நம்ம மரம். நம்ம தொட்டி."

"ஹவானாவுல வாதுமை மரம் இல்லாத முற்றம் எதுடி? தொட்டின்னா நீலந்தான்."

"அவன் கேட்டுட்டான்னா?"

"கரும்பு ஆலைல வேல பாக்கற தடியன் உக்காந்து காதல் கதையா கேப்பான்?"

அவள் என்னை நம்பினாள். அந்த மூலையில் இருக்கிற கூடையைப் பாருங்கள், நேயர் கடிதங்கள். பாதி ஆலைகளிலிருந்து வந்தவை. அறுவடைக் காலத்தில் வேலை முடிந்ததும் ஆண்கள் எல்லோரும் கடைவாசலில் இருக்கிற ஒரே ரேடியோ முன்னால் உட்கார்ந்து கேட்கிறார்களாம். சிலர் அழுகிறார்களாம். எழுதத் தெரிந்த ஒருவன் எல்லோருக்காகவும் எழுதியிருந்தான். அந்தக் கடிதங்களைப் படித்து நானும் அழுதிருக்கிறேன்.

புதன்கிழமை அத்தியாயம் ஃபாபியானுடைய பேச்சோடு முடியும். 'நாளைக்கு இதே நேரம் வருவேன். எல்லார் காதும் வேற எங்கயோ இருக்கும்போது வருவேன்.' இது எங்கள் தொழிலில் வழக்கம். மறுநாளும் ரேடியோ போடவைக்க ஏதாவது சொல்லித்தான் முடிப்போம். எந்த எழுத்தாளரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

முடிந்ததும் முற்றம் கலகலவென்று பேசியது. தோமாசா, "வரட்டும் அந்தப் பய, லெயோனோர் சட்டியாலயே ஒண்ணு போடணும்," என்றாள். இராய்தா என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நாளைக்கு அந்த நேரம் மட்டும் உங்க ரூம்ல இருக்கட்டுமா? நிக்கானோருக்கு டூட்டி. சும்மா ஒரு மூலைல உக்காந்துக்கறேன். பேச மாட்டேன்."

"எனக்கு எழுதற வேலை இருக்குடி கண்ணு. ஆள் இருந்தா வராது, தெரியுமில்ல?" என்றேன். "கதவச் சாத்திக்கோ. நான் இங்கதான இருக்கேன். ஏதாவதுன்னா சுவரத் தட்டு."

"தட்டினா வந்துடுவீங்க இல்ல?"

"பலகைதான நடுவுல," என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை. நான் என் நாடகத்தை ஒருநாளும் கேட்பதில்லை. எழுதினவளுக்கு அதில் என்ன இருக்கிறது? எல்லோரும் தோமாசாவின் ரேடியோவை நோக்கி முதுகை வளைத்து உட்கார்ந்திருந்தார்கள். மாடியிலும் தெருவிலும் அதே குரல், அதே கதை. சன்னலிலிருந்து அவன் வருவதைப் பார்த்தேன். வெளுத்த சட்டை, சட்டைக் கையில் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டிருந்தான். நன்றாகவே போட்டிருந்தான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வாதுமை மரத்தடியில் நின்றான். நீலத் தொட்டியைப் பார்த்தான். ஊரில் தெரிந்தவரைக் கண்டால் தலையை ஆட்டுவோமே, அப்படி ஆட்டினான். அவன் சீட்டி அடிக்கவில்லை. நானாக எழுதியிருந்தால் சீட்டி அடிக்கவைத்திருப்பேன், தப்பாகப் போயிருக்கும். அதனால்தான் காத்திருப்பது நல்லது என்கிறேன்.

நான் சன்னலிலிருந்து நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தேன்.

தம்ளர் உடைந்தது. கதவைத் திறந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "இளைச்சுட்டியே," என்றான். அன்பாகச் சொன்னான். நான் ஆயிரம் வருஷம் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு அது வந்திருக்காது.

அன்றைய அத்தியாயத்தில் லெயோனோருக்கு அழுகையும் கூச்சலும் நிறைய வைத்திருந்தேன். கதைக்கு அது தேவையாக இருந்தது. முற்றத்தில் யாரோ, "ரெண்டு ரேடியோலேருந்து கேக்கற மாதிரி இருக்கு," என்றார்கள். தோமாசா, "சும்மா இரு, இன்னிக்கு என்னமா அழறா பாரு அவ," என்று சொல்லிவிட்டுச் சத்தத்தைக் கூட்டினாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். அவள் உங்களிடம் பொய் சொல்லவில்லை. அவள் கேட்டாள், நாடகம் என்று நினைத்தாள். முற்றத்தில் எல்லோரும் அப்படித்தான். நாடகம் கேட்காமல் இருந்தவள் அன்று இந்த வீட்டில் நான் ஒருத்திதான்.

இராய்தா சுவரைத் தட்டினாள். நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராகத் தட்டினாள், மேசையே அதிர்ந்தது. மைக்கூடு கவிழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு எழுதினேன். பிறகு தட்டுவது கீழே இறங்கியது, தரைக்குப் பக்கத்தில். பிறகு நின்றது. அங்கே நான் ஒரு வரி இடம் விட்டேன். நடிகைக்கு மூச்சு வாங்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை கடைசி அத்தியாயம். எங்கள் முற்றத்தில் மட்டும் துக்கத்துக்காக ரேடியோ போடவில்லை. மற்றபடி தீவு முழுக்கக் கேட்டது. லிசார்தோ என்னைக் கட்டிக்கொண்டு, "எங்கேருந்துடி புடிச்ச இத?" என்று அழுதார். அன்று கேட்ட பெண்களில் எத்தனை பேர் தம் புருஷனுக்குப் பயந்து ஒரு பையில் துணியை அடுக்கியிருப்பார்கள், நினைத்துப் பாருங்கள். அவர்களுக்காகத்தான் எல்லாம். இராய்தா ஒருத்தி. அவர்கள் எத்தனை பேர்.

நீங்கள் ரொம்ப நேரமாக எழுதாமல் இருக்கிறீர்கள், ஐயா. காபியையும் குடிக்கவில்லை. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறீர்கள், கண்ணைக் கதவிலிருந்து எடுக்காமல். வேண்டாம், மாற்றிப் பிடிக்காதீர்கள். அப்படியே இருங்கள். ஆண்களும் இப்படித்தான் பிடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆமாம், கேட்டது. முழுக்கக் கேட்டது. நான் எழுந்து போய் முற்றத்தில் ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும், அத்தனை பேரும் ஓடிவந்திருப்பார்கள். எனக்கு அது தெரியும். உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் மனைவி வெள்ளிக்கிழமை எந்த இடத்தில் அழுதார்கள் என்று எனக்குச் சொல்லாமலே தெரியும். லெயோனோர் பலகையைத் தட்டிக்கொண்டே, 'ஆண்டவரே, நீங்க அங்கதான இருக்கீங்க, எனக்குத் தெரியும்' என்பாளே, அந்த இடம். எல்லோரும் அங்கேதான் அழுதார்கள். இராய்தா கூப்பிட்டது ஆண்டவரை இல்லை. "எமெலினாம்மா, நீங்க அங்கதான இருக்கீங்க, எனக்குத் தெரியும், நாற்காலி ஆடற சத்தம் கேக்குது," என்றாள். என் பெயர் இருந்த இடத்தில் ஆண்டவர் பெயரைப் போட்டேன். அவருக்கு ஆடுகிற நாற்காலி பொருந்தாது என்று அதை மட்டும் அடித்துவிட்டேன். மற்றபடி அவள் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. அந்த மரியாதையை அவளுக்குக் கொடுத்தேன்.